ஸ்திரீகள் தங்கும் அறை

முத்தரசு தன் வீட்டில் கடைசியாகக் குடித்த காப்பியில் சர்க்கரை குறைவாக இருந்தது. அடுப்படி வாசலில் நின்றபடியே டம்ளரை நீட்டினான். துர்காதேவி ஒரு கரண்டி அள்ளிப் போட்டு, ஆற்றாமலே கொடுத்தாள். அவன் விரலை விட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு, விரலைத் தோள்துண்டில் துடைத்துக்கொண்டான். அதற்காக அவள் அவனைத் திட்டாத நாள் கிடையாது. அன்றும் திட்டினாள்.

"பால் காச்சப் போறவுக கையா இது?"

"நான் எங்க காச்சப் போறேன்? நீதான் காச்சணும். ஒம்பது மணிக்கு மேல நல்ல நேரம். பானையும் பாலும் எடுத்துக்கிட்டு வந்துரு. பஸ்ஸை விட்டுறாத."

"ரயிலடிக்கு எதுக்குங்க பால் காச்சணும்? அது என்ன வீடா?"

"கொத்தன் பொன்னழகு கேக்க மாட்டேங்கிறான். புதுசாப் பூசின கட்டடத்துல பால் பொங்காமச் சாவியைக் கொடுக்கக் கூடாதாம்."

வண்டியை உதைத்துக் கிளப்பும்போது அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். காரைக்குடியில் அவர்கள் தெருவில் அப்போது கோலம் இன்னும் கலைந்திருக்கவில்லை. இவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்தவற்றில் சாதாரணமானது என்று அவளால் எதையும் சொல்ல முடியவில்லை.

நெடுவயல் ரோடு ஸ்டேஷனை, பர்மாவில் தொழில் செய்த ஒரு செட்டியார் தன் நிலத்தில் தன் செலவிலேயே கட்டிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். அதனால் அது ரயில்வே கட்டடம் மாதிரி இருக்காது. தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. கொண்டுவிக்க என்று வியாபாரத்துக்குக் கப்பலேறிப் போன ஆண்கள் மூன்று வருடம் கழித்து வந்து இறங்குவார்கள்; அவர்களை எதிர்பார்த்து வரும் வீட்டுப் பெண்கள் ஊரார் கண்ணில் படாமல் உட்கார வேண்டும் என்று தனியாக ஓர் அறையும் கட்டியிருந்தார். வந்து இறங்கியவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. அகல ரயில் பாதை வந்தபோது சற்றுத் தள்ளிப் புதிய நிலையம் எழும்பியது. பழையதில் தண்டவாளச் சாமான்களையும் வௌவால்களையும் விட்டுப் பூட்டினார்கள். பிறகு சென்னையில் ஓர் அறக்கட்டளை அனுமதி வாங்கி, பழுதுபார்க்கும் வேலையைச் சுண்ணாம்பு வேலை தெரிந்த காண்டிராக்டர் என்று முத்தரசுவிடம் கொடுத்தது.

அன்றிலிருந்து அவன் வாயில் வேறு பேச்சு இல்லை.

"சிமெண்டைப் பூசி மூச்சை அடைச்சு வச்சிருக்கானுக, துர்கா. கொத்தி எடுத்ததும் செவரு ஒரு பெருமூச்சு விடுது பாரு, காதுல கேக்குது எனக்கு."

அவர்கள் வீட்டுப் பின்சுவர் ஆறு வருடமாகப் பூசப்படாமல் செங்கல் தெரிய நின்றது. மகன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் இருந்தது இரண்டே பேர்; அதில் ஒருவன் ராத்திரிச் சாப்பாட்டில் பிசைந்த சோற்றை மறந்துவிட்டுச் சுண்ணாம்பில் சேர்க்கும் கடுக்காய்த் தண்ணீரின் பதத்தைப் பற்றிப் பேசினான். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்திவிட்டு வந்து உட்காரும் துர்காதேவிக்கு அவன் கைகளைப் பார்க்க எரிச்சலாக இருக்கும். அவள் தோளைத் தொட்டே எத்தனையோ நாளாகிவிட்ட அந்தக் கைகள், பகலெல்லாம் ஒரு சுவரை வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்திருக்கின்றன.

வெள்ளையடித்த அடுக்குகளைச் சுரண்டியபோது அந்த அறையின் வாசலுக்கு மேலே கறுப்பு எழுத்துகள் தெரிந்தன. கையைக்கூடக் கழுவாமல் படத்தைக் கொண்டுவந்து காட்டினான்.

"ஸ்திரீகள் தங்கும் அறை. காத்திருக்கும் அறைன்னு எழுதலை பாரு. தங்குறதாம்!"

"தங்குறவுக தங்கிட்டுப் போறாக. கையக் கழுவிட்டு வாங்க" என்றாள் துர்காதேவி.

பால் காய்ச்சும் அன்று பஸ் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. சரக்கு வண்டி ஒன்று முடிவே இல்லாததுபோல் போய்க்கொண்டிருந்தது. மடியில் புதுப் பானை, பையில் பால் பாக்கெட்டுகள். இறங்கி வேகமாக நடந்து, கருவேல மரங்களைத் தாண்டிப் பிளாட்பாரத்தில் ஏறியபோது, காய்ந்த பால் அடுப்பில் வழிந்து தீயும் வாசம் வந்தது.

சித்தாள்களில் வாய் நீண்டவளான சோலையம்மாள் எதிரே வந்து ஒரு டம்ளரை நீட்டினாள்.

"இந்தாங்க டீச்சரு, நீங்க காச்சுன பாலை நீங்களே குடிக்காம எங்குட்டுப் போனீக?"

"நான் இப்பத்தான் பஸ்ஸை விட்டு எறங்குறேன்."

"ஆமாமா! பாலைப் பொங்கவிட்டுட்டுப் பின்வாசல் வழியாப் போயி முன்வாசல் வழியா வாரீக. எனக்கேவா வெளையாட்டு?"

கொத்தனார் பொன்னழகு முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். "நல்லாக் கெழக்குப் பாத்துப் பொங்குச்சு மதினி. பொம்பளைக ரூமுன்னு நாங்க வாசல்லயே நின்டுக்கிட்டோம். அண்ணனும் நீங்களும் மட்டுந்தானே உள்ள இருந்தீக."

துர்காதேவி பானையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். அறைக்குள் மூன்று செங்கல் வைத்த அடுப்பு. மேலே, விளிம்பில் யாருடையவோ பெயரின் முதலெழுத்துகள் வெட்டிய பழைய பித்தளைப் பாத்திரம். பக்கவாட்டில் பால் வழிந்து பழுப்பேறிக் காய்ந்திருந்தது. முத்தரசு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மீசையில் பால்.

"யாருங்க காச்சினது?"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு பெஞ்சில் தன் பக்கத்துக் காலியிடத்தைப் பார்த்தான். "நீதானே" என்றான். கொஞ்சம் பொறுத்து, "இல்லையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

வெளியே சோலையம்மாள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பால் பொங்குச்சுல்ல, ரயிலடி இனிமே வீடு. அண்ணனுக்கு ரெண்டு வீடாயிப் போச்சு. இது சின்ன வீடு டீச்சரு, சூதானமாப் பாத்துக்கங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காதே என்று துர்காதேவியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து பாக்கெட்டை வெட்டி ஊற்றிச் சூடாக்கியபோது பால் திரிந்து போயிற்று.

அன்று சாயங்காலம் அவன் காப்பி வேண்டாம் என்றான். குடித்துவிட்டானாம். மறுநாளும் குடித்துவிட்டு வந்தான். அதற்கு மறுநாளும். சட்டையைத் துவைக்கப் போடும்போது முகர்ந்து பார்த்தாள். இத்தனை நாளும் சுண்ணாம்பும் முட்டையும் நாறிய சட்டையில் இப்போது சுண்டக் காய்ச்சிய பாலின் வாசம், அதற்கடியில் ஈரச் சுவரின் குளிர்ந்த வாசம், அதற்கும் அடியில், பெட்டியில் வெகுகாலம் மடித்து வைத்த பட்டுச் சேலையின் வாசம். மூன்றாவது வாசத்தில் அவள் கை நின்றது.

"இந்நேரம் வரைக்கும் எங்க இருந்தீக?"

"வேலைதான்."

"பொழுது அடையுற நேரத்துல என்ன பூச்சு வேலை?"

"பாதியில எந்திரிச்சா ஆச்சி வைவாக."

தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவர்கள் சொந்தபந்தத்தில் அப்பத்தா உண்டு, அம்மாச்சி உண்டு. ஆச்சி என்பது செட்டியார் வீட்டு வார்த்தை. முத்தரசு வேலை செய்த வீடுகளில் கேட்டிருப்பான். அவன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

"எந்த ஆச்சி?"

"அப்பிடியா சொன்னேன்?" என்றான் அவன். உண்மையாகவே தெரியாதவன் மாதிரி இருந்தது முகம். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

அறக்கட்டளைக்காக வரைபடம் போட்டுக் கொடுத்த பெண் சௌபர்ணிகா, அந்தச் செட்டியாரின் கொள்ளுப்பேத்தி. சென்னைக்காரி, கட்டைமுடி, கலகலவென்று பேசுகிறவள். துர்காதேவி அவளைத்தான் நினைத்தாள். ஒரு வாரம் அந்த நினைப்பைத் தின்று, அதோடே உறங்கி, கடைசியில் பள்ளிக்கூட மரத்தடியில் நின்று போன் செய்தாள். குரலைச் சிரிப்பாக வைத்துக்கொண்டு எப்போது வருகிறாய் என்று கேட்டாள்.

"நான் வந்தே ரெண்டு மாசமாச்சுக்கா. பால் காய்ச்சினதுக்குக்கூட வர முடியலை. அந்த ரூம்ல வேலையெல்லாம் முடிஞ்சிருச்சே, பூச்சு காயட்டும்னு விட்டிருக்கோம். முத்தரசு அண்ணன் இன்னுமா போறாரு?"

போனை வைத்த பிறகு துர்காதேவிக்கு நிம்மதி வரவில்லை. மனத்துக்குள் வைத்துத் திட்ட ஒரு பெயராவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் அவள் நெடுவயலில் போய் இறங்கினாள். கையோடு பிடித்துவிட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்திருந்தாள். யாரை என்று யோசிக்கவில்லை. பிளாட்பாரக் கல் இடுக்குகளில் தண்ணீர் தேங்கி, அதில் செம்மை மாறிக்கொண்டிருந்த வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. பொன்னழகு சாரக் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்க மதினி. அண்ணன் உள்ளதான் இருக்காக." பிறகு அவள் தலையைப் பார்த்தான். "இன்னைக்கு என்ன, முக்காடு இல்லாம வாரீக?"

"என்னைக்குப் போட்டு வந்தேன்?"

"தெனமுந்தான். சாயந்தரமானா வந்துட்டுத்தானே இருக்கீக. தலைகுனிஞ்சு போறீக, பேச்சுக் கொடுத்தாலும் நிக்கிறதில்ல. எங்க மேல எதுவும் கோவமோன்னு சோலையம்மாகூடக் கேட்டுச்சு."

பொன்னழகு கயிற்றைக் கீழே வைத்தான். அவன் சிரிப்பு மெல்லக் கரைந்தது.

"நீங்கதானே மதினி?"

அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு அவள் நடந்தாள். டிக்கெட் கொடுக்கும் இடத்தைத் தாண்டி, தேக்குத் தூண்களைத் தாண்டி, காலடியில் ஆத்தங்குடிக் கல் செருப்பைத் தாண்டியும் குளிர, நடுவில் எங்கோ ஓர் ஓட்டிலிருந்து நீர் சொட்ட, அதற்கிடையில் மெல்லிய ஓர் ஒலி கேட்டது. வழவழப்பான கல்லால் சுவரைத் தேய்க்கும் ஒலி. இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து. கூடவே வளையல். தேய்க்கும் கை போகிற பக்கமெல்லாம் வளையல்களும் போய்த் திரும்பி, ஒன்றன்மேல் ஒன்று சரிந்து அடங்கும் ஒலி.

வாசலில் நின்றாள். ஒலி நின்றது.

முத்தரசு பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தான். மறுமுனையில் யாரும் இல்லை. நடுவில் இரண்டு டம்ளர்கள், இரண்டிலும் ஆவி. அடுப்பு இல்லை. செங்கல்லும் இல்லை. உயரத்தில் இருந்த சின்ன ஜன்னலிலிருந்து வந்த கடைசி வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுந்து, சுவர் முழுக்க ஒரு கண்ணாடிபோல் நிறைந்து நின்றது. நல்ல பூச்சு பளபளக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பளபளப்பு ஈரமாக இருந்தது. கண்ணின் பளபளப்பு.

"என்னங்க" என்றாள்.

அவன் திரும்பினான். மரியாதையாகச் சற்று எழுந்தான். வழியில் வந்த ஒரு பொம்பளைக்கு இடம் கொடுக்கிறவனைப்போல், கையைக் காட்டி எதிர் மூலையைச் சுட்டினான்.

"உக்காருங்கம்மா. வண்டி வர நேரமாகும். எங்குட்டுப் போகணும் நீங்க?"

அவள் சுவரைப் பார்த்தாள்.

சுவருக்குள் பெஞ்சு இருந்தது. அவன் இருந்தான். அவன் பக்கத்தில், முதுகைக் காட்டி, முக்காடிட்ட ஒருத்தி. அவளுடைய கை அவன் தோளில்.

வாசல் இருந்தது. வாசலில் யாரும் இல்லை.

துர்காதேவி தான் நிற்கும் இடத்தைக் குனிந்து பார்த்தாள். கால்கள் இருந்தன. மறுபடி சுவர். வெறும் வாசல்.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அந்தக் கையைப் பற்றிய ஆத்திரம். தோளில் அது இருந்த விதம். இருபது வருடமாக அங்கேயே இருந்ததுபோல். பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். புதுப் பூச்சில் கை வைத்ததுபோல் சில்லென்று விரல்கள் கொஞ்சம் உள்ளே போயின. விடவில்லை. இழுத்தாள். டம்ளர் உருண்டது. இழுத்தாள். வாசல். தூண். மழைக் காற்று.

பிளாட்பாரத்துக்கு வந்ததும் முத்தரசு தடுமாறி நின்று அவளைப் பார்த்தான். "துர்கா? நீ எப்ப வந்த? ஏன் அழுவுற?"

வீட்டுக்கு அவன்தான் வண்டி ஓட்டினான். அவள் அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படி உட்கார்ந்ததில்லை. இனி அந்தப் பக்கம் போகக் கூடாது என்றாள். சரி என்றான். மீனாட்சிபுரம் திரும்பும்போது, "ஒரு காப்பி போட்டுக் கொடு, தலை வலிக்குது" என்றான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. நல்ல பாலாக வாங்கிக் காய்ச்சி, சர்க்கரை அளவாகப் போட்டு, ஆற்றிக் கொடுத்தாள். டம்ளரை உதட்டருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். முகர்ந்தான். மெதுவாகக் கீழே வைத்தான்.

"இது யாரோ காச்சுன பாலு" என்றான்.

அவள் எப்போது கண்ணயர்ந்தாள் என்று தெரியவில்லை. விடிந்தபோது பக்கத்தில் வெறும் பாய் இருந்தது. வண்டி வாசலிலேயே இருந்தது. செருப்பும் இருந்தது. பொன்னழகு போனில் பேச முடியாமல் அழுதான்.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பெஞ்சின் முனையில், சாய்ந்துகூட விழாமல், பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தபடியே போயிருந்தான். வீட்டில் கொண்டுவந்து கிடத்தியபோது அவனுடைய அக்கா ஈஸ்வரி மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்: "உசுரு போறப்ப ஒரு சொட்டுப் பால் ஊத்த ஆளில்லாமப் போனியேடா தம்பி! கட்டினவ இருந்தும் ஊத்தலையேடா!"

துர்காதேவி அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போடுவதற்காக யாரோ அவன் தாடையைத் தூக்கியபோது, உதட்டோரத்திலிருந்து வெள்ளையாக ஒன்று வழிந்தது. முந்தானையால் ஒற்றினாள். உடம்பு கல்லாகக் குளிர்ந்து போயிருந்தது.

பால் சூடாக இருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், கடைசிப் பாலும் தன் கையால் இல்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

தை மாதம் கட்டடத்தைத் திறந்தார்கள். வாழைமரம், நாதஸ்வரம், கண்காட்சியாக வைத்த பழைய விளக்குகள், மணி. மகன் வேண்டாம் என்று சொல்லியும் துர்காதேவி போனாள். முத்தரசுவின் பெயரைக் கல்லில் வெட்டியிருந்தார்கள். சௌபர்ணிகா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சோலையம்மாள் தூரத்தில் நின்று பார்த்தாளே தவிர, பக்கத்தில் வரவில்லை.

"அந்தப் பொம்பளைக ரூமைப் பாத்தீகளா?" என்று யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்கள். "அந்தப் பூச்சுதான் பூச்சு! மொகம் பாத்துத் தலை சீவலாம்."

கூட்டம் சாப்பிடப் போன நேரம் அவள் உள்ளே போனாள். நடுப்பகல். ஜன்னல் வெயில் தரையில் சதுரமாகக் கிடந்தது. பெஞ்சு காலி. எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்று தோன்றியது. திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

பெஞ்சில் அவன் இருந்தான்.

நேரே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு. வாசலில் வண்டியைக் கிளப்பும்போது திரும்பிப் பார்த்துச் சிரிப்பானே, அது. துர்காதேவி ஓர் அடி முன்னே வைத்தாள். இந்த முறை சுவரில் அவளும் இருந்தாள். அவளைப் போலவே ஓர் அடி முன்னே வைத்தாள். அதே உயரம், அதே மூக்கு, காதோரம் அதே நரை.

நெற்றியில் குங்குமம் இருந்தது.

தலையில் பூ. கழுத்தில், துர்காதேவி கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வந்த தாலி.

அவன் சிரித்தது தாலியோடு நின்ற அவளைப் பார்த்து.

துர்காதேவியின் கண்ணில் நீர் முட்டியது. கையைத் தூக்கித் துடைத்தாள். சுவரில் இருந்தவள் துடைக்கவில்லை. கை இரண்டையும் முன்னால் கோத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த வேற்றாளைப் பார்ப்பதுபோல், எப்போது போவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எம்மா, பந்தி போட்டாச்சு, வாங்க" என்று காவல்காரர் வெளியிலிருந்து கூப்பிட்டார். துர்காதேவி பின்பக்கமாகவே நடந்து, சுவரை விட்டுக் கண்ணை எடுக்காமல், வாசலைத் தாண்டினாள். கதவு அவள் முகத்துக்கு நேரே மெல்லச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அந்தக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் கிடையாது. பெண்களுக்கான அறை என்பதால், கட்டிய நாளிலிருந்து இன்றுவரை உள்பக்கம் மட்டும்தான்.